வந்து போகும் பாலை: புதுக்கோட்டை வேனிலை விலங்குகள் கடக்கும் வழிகள்

வெப்பப் பாலைவனத்தில் விலங்குகள் எப்படி வாழ்கின்றன என்று கேட்டால், பள்ளிப் பாடம் நேராக ஒட்டகத்திடம் கூட்டிப் போகிறது. அதில் பிழையில்லை. ஆனால் புதுக்கோட்டை மாவட்டத்தில் வளரும் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி ஊர்க் கண்மாயிலேயே கிடக்கிறது. அதை யாரும் தோண்டிக் காட்டுவதில்லை என்பதுதான் குறை.

இந்த மாவட்டத்தில் பாலைவனம் கிடையாது. ஆண்டுக்கு 250 மி.மீ.க்கும் குறைவாக மழை பெறும் நிலத்தையே பொதுவாகப் பாலைவனம் என்கிறார்கள். இங்கே ஏறத்தாழ 900 மி.மீ. பெய்கிறது. அதில் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அதன்பின் தை பிறந்தது முதல் ஆடி வரை வானம் ஒன்றிரண்டு கோடை மழையோடு சரி. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தொடும்போது அன்னவாசல், இலுப்பூர், விராலிமலைப் பக்கத்துச் செம்மண் கட்டாந்தரையும் பாறையும் காற்றைவிட மிக அதிகமாகச் சூடேறிக் கிடக்கும். வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும்.

நிலம் இப்படி ஆண்டுதோறும் வேடம் மாறுவதைச் சிலப்பதிகாரம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காடுகாண் காதையில் கோவலனுக்கு மதுரை செல்லும் வழியைச் சொல்லும் மாங்காட்டு மறையோன், முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையில் தம் இயல்பு திரிந்து பாலையின் வடிவம் கொள்ளும் என்கிறான். பாதை மூன்றாகப் பிரியும் இடம் என்று அவன் அடுத்துச் சொல்வது கொடும்பை நெடுங்குளத்தை. கொடும்பை என்பது விராலிமலைக்குத் தெற்கே திருச்சி–மதுரைச் சாலையை ஒட்டி இருக்கும் கொடும்பாளூர். அந்தக் காதை பேசும் பாலை, மழை வந்ததும் விலகிவிடும் பாலை. ஆகவே இங்குள்ள உயிர்களுக்கு வேலை இரட்டிப்பு. கார்த்திகையில் அவை குளத்து உயிர்களாக இருக்க வேண்டும். சித்திரையில் பாலைவன உயிர்களாக இருக்க வேண்டும்.

முதலில் உடலின் கணக்கைப் பார்த்துவிடலாம். சுற்றியுள்ள காற்று உடலைவிடச் சூடாகிவிட்டால், உடலின் வெப்பம் தானாக வெளியேறாது. வெளியிலுள்ள வெப்பம்தான் உள்ளே வரும். அந்த நிலையில் மிச்சமிருப்பது ஒரே வழி. மண்பானை தன் மேல் கசியும் நீரை ஆவியாக விட்டு உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிரவைக்கிறதே, அந்த வழி. ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வியர்ப்பதும் இளைப்பதும் இதற்காகத்தான். குடிக்க நீர் இருக்கும் ஊரில் இது நல்ல ஏற்பாடு. நீரில்லாத ஊரில், குளிர்ந்துகொள்ள நீரைச் செலவழித்தால் தாகத்தில் சாவு, சேமித்தால் சூட்டில் சாவு. வெப்பப் பாலைவன விலங்குகளின் தகவமைப்பு எல்லாமே இந்த இக்கட்டுக்குக் கிடைத்த விடைகள்தாம்.

ஒட்டகத்தின் விடை என்ன என்பது 1950களில்தான் சரியாகத் தெரிந்தது. 1953, 54இல் அல்ஜீரிய சகாராவின் பெனி அப்பேஸ் சோலையில் ஒட்டகங்களோடு தங்கி ஆய்ந்த க்னூட் ஷ்மிட்-நீல்சன், திமிலில் இருப்பது கொழுப்பு, அது தண்ணீர்த் தொட்டி இல்லை என்பதை நிலைநாட்டினார். அவர் கண்டதில் அதைவிடப் பெரியது வேறொன்று. தண்ணீர் கிடைக்காத ஒட்டகத்தின் உடல்வெப்பம் விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கி, பிற்பகலில் 40 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. நமக்கு அது கடுங்காய்ச்சல். ஒட்டகமோ பகலின் சூட்டை உடலிலேயே வாங்கி வைத்து, இரவின் குளிர்ந்த காற்றில் செலவில்லாமல் விட்டுவிடுகிறது. பெரிய ஒட்டகம் ஒன்று இதனால் நாளொன்றுக்கு 4, 5 லிட்டர் வியர்வையை மிச்சம் பிடிக்கிறது. உடல் எடையில் கால் பங்கு அளவுக்கு நீரை இழந்தும் அது நடக்கும். தண்ணீரைக் கண்டதும் 100 லிட்டரைச் சில நிமிடங்களில் குடித்துத் தீர்க்கும்.

எலிக்கு அப்படிச் சூட்டை வாங்கி வைக்க உடம்பில்லை. அது வளைக்குள் போய்விடும். ஒரு முழ ஆழத்துக்குக் கீழே மண்ணில் பகல், இரவு வேறுபாடு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. மூச்சில் வெளியேறும் ஈரமும் வளைக்குள்ளேயே தங்குகிறது. வட அமெரிக்கப் பாலைவனத்தின் கங்காரு எலி வாழ்நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமலே இருந்துவிடக் கூடியது. அதற்கு நீர் அது தின்னும் விதையிலிருந்தே வருகிறது. 100 கிராம் மாவுப்பொருள் உடலில் எரியும்போது ஏறத்தாழ 55 கிராம் நீர் உண்டாகிறது. அந்த நீரை வீணாக்காமல் சிறுநீரகம் சிறுநீரை மிக அடர்த்தியாக்கி வெளியே விடுகிறது. இந்தியாவில் இந்த ஆராய்ச்சி ஜோத்பூரில் வளர்ந்தது. 1959இல் மத்திய வறள்மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக உருவெடுத்த அந்த இடத்தில், ஈஸ்வர் பிரகாஷ் தார் பாலைவனத்து எலிகளைப் பற்றிப் பல்லாண்டு உழைத்தார். அவர் ஆய்ந்த எலிகளுள் ஒன்றான வெள்ளெலி நம் கடலைக் கொல்லை வரப்பிலும் வளை வைத்திருக்கிறது. பாலைவனத்துக்கென்றே பிறந்த உடம்பு என்று இந்த மாவட்டத்தில் எதையாவது காட்டச் சொன்னால், நான் முதலில் காட்டுவது வெள்ளெலியைத்தான்.

மற்றபடி இங்கே உயிர்கள் கையாளும் வழி வேறு. வெப்பத்தோடு மல்லுக்கு நிற்கும் உடம்பைவிட, அந்த மாதங்களைக் கண்ணில் படாமல் கழிக்கும் திறமையே இங்கு மிகுதி. அதைப் பார்க்கக் கண்மாய்க்குள் இறங்க வேண்டும்.

புதுக்கோட்டையில் கண்மாய், குளம், ஏந்தல், ஊரணி என்று 5,000க்கும் மேற்பட்ட நீர்நிலைகள் உண்டு. பங்குனி கடந்ததும் அவற்றில் பெரும்பாலானவற்றின் தரை வெடித்து, பாளம் பாளமாகக் கிடக்கும். வெடிப்புக்குள் கைவிட்டு ஒரு பாளத்தைப் பெயர்த்தால் அடியில் மண் இன்னும் சில்லென்று இருக்கும். அங்கே நத்தை இருக்கும். ஓட்டின் வாயை அதன் கடினமான மூடி இம்மியும் இடைவெளியில்லாமல் அடைத்திருக்கும். நகத்தால் நெம்பினாலும் வராது. செத்த ஓடு என்றுதான் தோன்றும். ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால், மூடி விலகி, சதை வெளியே வந்து, வாளியின் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

ஊர்க்காரர்கள் சமைத்துத் தின்னும் இந்த நத்தைதான் வறட்சி உறக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்குத் தென்னிந்தியா தந்த சிறந்த உயிர்களில் ஒன்று. நீரில் இருக்கும்போது செவுளாலும் காற்றில் நுரையீரல் போன்ற பையாலும் மூச்சுவிடும் உயிர் இது. மூடியை அடைத்துக்கொண்டபின் இரண்டுக்கும் வழியில்லை. 1956இல் வி. ஆர். மீனாட்சி வெளியிட்ட ஆய்வு, தென்னிந்திய ஆப்பிள் நத்தை அந்த உறக்கத்தின்போது ஆக்சிஜன் இல்லாமலே உயிரை ஓட்டுகிறது என்று காட்டியது. உடல் சேமித்து வைத்த சர்க்கரைச் சத்தை மிக மெதுவாகக் கரைத்துக்கொள்கிறது. கழிவையும் நீரில் கரையாத யூரிக் அமிலமாக மாற்றி உள்ளேயே வைத்துக்கொள்கிறது. யூரியாவாக வெளியேற்றினால் நீர் வேண்டும். யூரிக் அமிலத்துக்கு வேண்டாம். பறவைகளும் ஓணான், உடும்பு, பாம்பு போன்ற ஊர்வனவும் வெயிலைச் சமாளிப்பதில் நம்மைவிட முந்தி நிற்பதற்கும் இதே யூரிக் அமிலம் ஒரு காரணம்.

கோடையின் உச்சத்தில் இந்த மாவட்டத்து ஊர்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும். வற்றிவரும் கண்மாயில் ஊரே இறங்கி, ஊத்தாவும் கச்சாவலையும் கொண்டு சேற்றைக் கலக்கி எடுத்துவிடுவார்கள். அதன்பின் கண்மாய் முற்றிலும் காய்ந்தும் போகும். என்றாலும் அடுத்த மழைக்கு மீன் வந்துவிடுகிறது. வானத்திலிருந்து மீன் விழுகிறது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். ஆற்றிலிருந்தும் மேல் கண்மாயிலிருந்தும் கலிங்கு வழியாக ஏறி வரும் மீன் ஒரு பகுதி. இன்னொரு பகுதி அந்தச் சேற்றுக்குள்ளேயே இருந்தது. விரால் மீனின் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை நேராக மூச்சிழுக்கும் அறை ஒன்று உண்டு. அதனால் தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேற்றில் புதைந்து அது காத்திருக்கும். பனையேறிக் கெண்டைக்கும் அப்படியொரு உறுப்பு. அது செவுள் மூடியை ஊன்றி ஊன்றி ஈரத் தரையில் அடுத்த குட்டைக்கே நடந்துவிடும். விரால் புதைந்திருக்கும் அதே சேற்றில் வயல் நண்டும் ஈரம் கிடைக்கும் ஆழம்வரை வளை இறக்கிவிடுகிறது.

தவளைகளின் கதை இன்னும் நுட்பமானது. தவளைத் தோல் நீரைத் தாராளமாக உள்ளே விடும். அதே தாராளத்தோடு வெளியேயும் விட்டுவிடும். வெயிலில் விட்டால் சில மணி நேரம் தாங்காத உயிர் வேனில் மாதங்களை எப்படிக் கழிக்கிறது? நம் செம்மண் நிலத்தில் வாழும் புதைதவளையின் பின்னங்காலில் மண்வெட்டி போன்ற கடினமான மேடு ஒன்று இருக்கிறது. அதைக்கொண்டு பின்புறமாகவே மண்ணுக்குள் இறங்குகிறது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் கடைசியாக மறையும். உள்ளே மூத்திரப் பையில் நீர்த்த சிறுநீரைச் சேமித்துக்கொண்டு, உடல் திரவங்களில் யூரியாவை ஏற்றிக்கொண்டு, சுற்றியுள்ள மண் தன்னிடமிருந்து ஈரத்தை உறிஞ்சிவிடாதபடி சமாளிக்கிறது. முதல் பெருமழை இரவில் வயல்வெளியே அதிர எழும் ஓசை இவை எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வந்துவிட்டதன் அடையாளம். தேங்கிய நீர் வற்றுவதற்குள் முட்டையிட்டு, தலைப்பிரட்டை கால் முளைத்துக் கரையேற வேண்டும். அவசரம் அப்படி.

மண்ணுக்குள் போகாத தவளையும் ஒன்று நம் வீட்டிலேயே இருக்கிறது. குளியலறைச் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியின் மறைவிலும் ஒட்டிக்கொண்டு பகலெல்லாம் அசையாமல் இருக்கும் மரத்தவளை. அது சுரக்கும் கொழுப்பு கலந்த திரவத்தைக் கால்களால் உடல் முழுக்கத் தடவிப் பூசிக்கொள்வதை ஹார்வி லில்லிவைட்டும் இந்திய ஆய்வாளர்களும் 1997இல் விளக்கினார்கள். ஈரம் போவதை அந்தப் பூச்சு குறைக்கிறது. தென்னமெரிக்க வறண்ட காடுகளின் தவளைகளிடம் புகழ்பெற்ற இந்தப் பழக்கத்துக்கு நம் குளியலறையிலேயே உதாரணம் உண்டு என்பதை எத்தனை ஆசிரியர்கள் வகுப்பில் சொல்கிறார்கள்?

நார்த்தாமலை, சித்தன்னவாசல், குன்றாண்டார்கோயில் பக்கம் மொட்டைப் பாறைகளில் ஆழமான சுனைகளும் உண்டு, ஒரு சாண் ஆழமே உள்ள பள்ளங்களும் உண்டு. சித்தன்னவாசல் குகையின் 9ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் திளைக்கும் தாமரைக் குளம் இருக்கிறது. மே மாதத்தில் அந்தப் பாறையில் ஏறி வந்து அதைப் பார்ப்பவருக்கு அந்தக் குளத்தின் அருமை வேறு விதமாகப் புரியும். வெளியே உள்ள சிறு பள்ளங்கள் போன்ற மழைக்குட்டைகளில் சில வாரமே நீர் நிற்கும். அந்தச் சில வாரத்துக்குள் பிறந்து, வளர்ந்து, முட்டையிட்டு முடிந்துபோகும் ஒரு வகைச் சின்னஞ்சிறு இறால் தென்னிந்தியக் குட்டைகளில் உண்டு. ஸ்ட்ரெப்டோசெபாலஸ் என்பது அதன் அறிவியல் பெயர். முட்டைகள் தூசியோடு தூசியாக ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இதில் என்னை மிகவும் நெகிழ வைப்பது, முதல் மழைக்கு எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை என்பது. ஒரு பங்கு அடுத்த மழைக்கும் அதற்கடுத்த மழைக்கும் காத்திருக்கிறது. முதல் மழை ஏமாற்றிவிட்டுப் போனாலும் வம்சம் அழியாது.

இனித் தரைக்கு மேலே. கரையான் புற்றை நாம் பாம்போடு சேர்த்தே நினைக்கிறோம். உண்மையில் அது வெப்பத்தைக் கையாளும் கட்டடம். உள்ளே கரையான்கள் வளர்க்கும் காளான் தோட்டத்துக்கு நல்ல ஈரப்பதமும் ஏறத்தாழ நிலையான வெப்பமும் வேண்டும். பெங்களூருவில் நம் நாட்டுக் கரையான் புற்றுகளுக்குள் காற்றோட்டத்தை அளந்த ஆய்வு ஒன்று 2015இல் வெளிவந்தது. பகலில் வெயில் பட்டு வெளிப்புற மடிப்புகள் சூடாக, அவற்றின் வழியே காற்று மேலேறி நடுக்குழாய் வழியாக இறங்குகிறது. இரவில் வெளிப்புறம் குளிர்ந்ததும் ஓட்டம் திசை மாறுகிறது. பகல், இரவு வெப்ப வேறுபாட்டையே புற்று மூச்சாக்கிக்கொள்கிறது. உடும்பும் பாம்பும் புற்றைத் தேடிப் போவதில் வியப்பென்ன? கரையான் கட்டிய வீட்டில் வேனிலைக் கழிக்கும் உயிர்கள் பல.

திறந்த வெளியில் முட்டையிடுவதுதான் எல்லாவற்றிலும் துணிச்சலான காரியம். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி அதைச் செய்கிறது. 1960களில் இந்தப் பறவையை நம் நாட்டில் ஆய்ந்த சுரேஷ் ஜெயகரும் ஹெலன் ஸ்பர்வேயும் இது வறண்ட காலத்திலேயே முட்டையிடும் பறவை என்பதை வலியுறுத்தினார்கள். கட்டாந்தரையில் கூழாங்கல்லோடு கல்லாக முட்டை கிடக்கும். நண்பகலில் தாய் முட்டை மேல் அமர்வதைவிட நின்றபடி நிழல் தருவதே அதிகம். அந்த நேரத்தில் அடைகாப்பது என்றால் சூடேற்றுவதல்ல, வெந்துவிடாமல் காப்பது. அருகில் நீர் இருந்தால் வயிற்று இறகை நனைத்து வந்து முட்டையையும் குஞ்சையும் ஈரமாக்குகிறது. வறள்நிலத்துக் கல்கௌதாரி இனங்களில் ஆண் பறவை அதையும் தாண்டி, குஞ்சு குடிப்பதற்கென்றே வயிற்று இறகில் நீரை நிரப்பிக்கொண்டு பறந்து வருகிறது. 1896இல் மீட்-வால்டோ என்ற இங்கிலாந்துக்காரர் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. 1967இல் கேட், மக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் கலஹாரியில் ஆய்ந்து உறுதி செய்தபின்தான் பேச்சு அடங்கியது.

மனிதர் வளர்க்கும் விலங்குகளையும் விட்டுவிடக் கூடாது. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடுவார்கள். உச்சி வெயிலில் மந்தையைக் கவனித்தால், ஆடுகள் நெருக்கிக்கொண்டு, ஒன்றின் வயிற்றுக்கடியில் மற்றொன்று தலையை நுழைத்துக்கொண்டு நிற்பதைக் காணலாம். மரமில்லாத வெளியில் தலைக்கு நிழல் தேட அவற்றுக்குத் தெரிந்த வழி. ஆடு மாடுகளின் மூளைக்கு அடியில் நுண்ணிய தமனிகளின் வலை ஒன்று இருக்கிறது. மூக்கில் ஆவியாதலால் குளிர்ந்து திரும்பும் இரத்தம் அந்த வலையைச் சுற்றி ஓடி, மூளைக்குப் போகும் இரத்தத்தைக் குளிர்விக்கிறது. மூளையைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு என்று முன்பு கருதினார்கள். மூளை சற்றுக் குளிர்ந்திருந்தால் உடல் அவசரப்பட்டு நீரை இளைத்துச் செலவழிக்காது. எனவே நீரைச் சேமிப்பதே முதல் பயன் என்பது இப்போது வலுப்பெற்றிருக்கும் கருத்து.

நாட்டு மாட்டின் தகுதியும் இங்கே தெரியும். மெல்லிய குட்டை மயிர், தளர்ந்த தோல், மிகுதியான வியர்வைச் சுரப்பிகள், உடலில் உண்டாகும் வெப்பமே குறைவு. ஜல்லிக்கட்டுக்குப் பெயர்போன இந்த மாவட்டத்தில் காளைகளின் வீரத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். சித்திரை வெயிலில் மேய்ந்துவிட்டு வரும் அந்த உடம்பின் பொறுமையைப் பற்றியும் பேச வேண்டும். கலப்பின ஜெர்சி வைத்திருப்பவர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் தெளித்து, நிழலில் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. மணமேல்குடி, ஜெகதாப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இடர் இன்னும் கூடும். வெப்பமானி காட்டும் எண் குறைவாக இருந்தாலும் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை உலராது. உலராத வியர்வையால் பயனில்லை. பாலைவனத்தின் வறண்ட சூட்டுக்கு எடுபடும் உபாயம் அந்தப் புழுக்கத்தில் எடுபடாது.

இத்தனையையும் தொகுத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது: ஒட்டகம் தன் பாலைவனத் திறமையை உடம்பிலேயே சுமந்து திரிகிறது. நம் நத்தையும் விராலும் தவளையும் உடும்பும் அந்தத் திறமையில் பாதியை மண்ணிடம் ஒப்படைத்திருக்கின்றன. வெடித்த கண்மாயின் அடியீரம், புற்றின் உள்ளறை, பாறைப் பள்ளத்தின் தூசி, ஐயனார் கோயில்காட்டில் வைகாசியிலும் இலை உதிர்க்காத வீரை, காசா, உலக்கைப்பாலை மரங்களின் நிழல். இந்த இடங்கள் போனால் உடம்பின் தகவமைப்பால் மட்டும் அவை பிழைக்க மாட்டா.

அந்த இடங்கள்தாம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. காப்புக்காடுகளில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆர்.எஸ்.பதி என்று நாம் சொல்லும் தைலமரம் நிற்கிறது. அதன் அடியில் புதர் இல்லை. மழைநீரைத் தேக்க வெட்டும் வரப்புகளால் கீழேயுள்ள கண்மாய்க்கு வரத்தும் குறைகிறது என்பது விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. கல்குவாரிகள் குன்றுகளைச் சுனையோடு சேர்த்து விழுங்குகின்றன. சீமைக்கருவேலத்தைப் பற்றி மட்டும் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. கண்மாய்க்குள் அது கேடு. வேறு நிழலே இல்லாத பொட்டலில் முயலும் மயிலும் ஒதுங்க இன்று அதுவும் ஒரு புகல். அதை அகற்றும் இடத்தில் நாட்டு மரமும் புதரும் வரும்வரை பொறுப்பு முடியவில்லை.

தூர்வாருதல் நல்ல பணி. புதுக்கோட்டை இளைஞர்கள் அதில் காட்டும் அக்கறை பெரிது. ஆனால் அந்தப் பணி நடப்பது கண்மாய்த் தரைக்குள் உயிர்கள் உறங்கும் கோடையில்தான். பொக்லைன் எடுக்கும் மேல்மண் நத்தையும் தவளையும் விராலும் படுத்திருக்கும் மண். எனவே ஊர்க்கூட்டத்தில் இதைச் சேர்த்துப் பேசுங்கள்: ஒரே கோடையில் கண்மாய் முழுவதையும் சுரண்டாமல், ஆண்டுக்கு ஒரு பகுதியாக எடுங்கள். மடைக்கு அருகில் ஆழமான மூலை ஒன்றையாவது தொடாமல் விடுங்கள். கரையோரப் புற்றுகளை இடிக்காதீர்கள். கோயில்காட்டுக்குச் சுற்றுச்சுவர் கட்டும் பணம் இருந்தால், அதில் ஒரு பங்கை அங்குள்ள ஊரணிக்கு நீர் வரும் வாய்க்காலைச் சீர்செய்யக் கொடுங்கள்.